தவணைப் பரீட்சைப் புள்ளிகளின் நம்பகத்தைக் கணிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கணித, விஞ்ஞான பாட ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.

பெறுநர்:
மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா,

விடயம்: புள்ளியை வைத்து மாணவரைப் பிரிக்குமுன் அதன் நம்பகத்தைப் பார்த்தல்

தவணைப் பரீட்சையில் 60 எடுத்த பிள்ளையை ஒரு வகுப்பிலும் 58 எடுத்த பிள்ளையை இன்னொரு வகுப்பிலும் இருத்தும் வழக்கம் சில பாடசாலைகளில் உண்டு. அந்த 2 புள்ளி உண்மையான வித்தியாசம்தானா என்று பெற்றோர் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

இதே போன்ற வேறொரு தாளைக் கொடுத்தாலும் ஏறத்தாழ அதே புள்ளி வருமா என்பதே புள்ளியின் நம்பகம். பதில் தேடுவது பெரிய வேலையும் இல்லை. விடைத்தாளின் முன்பக்கத்தில் கேள்வி வாரியாகப் புள்ளி போட்டுத்தான் கூட்டுகிறோம். ஆனால் மேலே போகும் பட்டியலில் மொத்தம் மட்டுமே இருக்கும். கேள்வி வாரியான புள்ளிகளையும் எக்செலில் ஏற்றினால், உளவியலாளர் குரோன்பாக் 1951இல் விளக்கிய அல்பாக் குணகத்தைக் கணித்துவிடலாம். கேள்விகளுக்கான புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை வைத்து நம்பகத்தை மதிப்பிடும் எண் இது; 1ஐ நெருங்க நெருங்க நம்பகம் கூட. சரி, பிழை என்று மட்டும் திருத்தும் பல்தேர்வு வினாக்களுக்கு 1937இல் வந்த கூடர்-ரிச்சட்சன் சூத்திரமே போதும்.

அப்புறம்தான் முக்கியமான கணக்கு. ஒரு தாளின் நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்ற அளவு) 15, நம்பகம் 0.84 என்று வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.84ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, 15ஆல் பெருக்க 6. இதுவே அளவீட்டின் நியம வழு, அதாவது எடுத்த புள்ளி உண்மை நிலையிலிருந்து வழக்கமாக விலகக்கூடிய அளவு. 0.84 நல்ல நம்பகம்தான். அப்படியிருந்தும் 58 எடுத்த பிள்ளையின் உண்மை நிலை 52க்கும் 64க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம், சிலவேளை அதற்கு வெளியிலும். 60 என்ற கோடு இந்தப் பிள்ளைக்கு என்ன நியாயம் செய்யும்?

கட்டுரை வினாக்களில் சிக்கல் வேறு. ஒருவரே முழுத்தாளையும் திருத்தினால் அவருடைய கைக்கடுமை அல்பாவில் தெரியவே தெரியாது. மூதூரில் திருத்திய தாள்களில் சிலவற்றைப் பெயரையும் போட்ட புள்ளியையும் மறைத்து நிலாவெளியில் ஒருவரிடம் கொடுத்துத் திருத்துவித்து, இரு புள்ளிகளையும் ஒப்பிட வேண்டும். இரு புள்ளிகளும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் இணைவுக் குணகம் மட்டும் பார்த்தால் போதாது. ஒருவர் எல்லோருக்கும் 10 குறைத்துப் போட்டாலும் அது 1 என்றே காட்டும். சராசரி வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும்.

ஆகவே, கேள்வி வாரியான புள்ளிகளைச் சேகரிக்கவும், ஒவ்வொரு தாளின் நம்பகத்தையும் நியம வழுவையும் பாடசாலைகளுக்கு அறிவிக்கவும், கோட்டுக்கு ஒரு நியம வழுத் தூரத்துக்குள் நிற்கும் பிள்ளைகளை வகுப்பாசிரியரின் கருத்தையும் கேட்டே பிரிக்கவும் பணிப்புரை வழங்குமாறு வேண்டுகிறோம். கணக்குப் போட்டுத் தர நாங்கள் தயார். அடுத்த தவணைப் புள்ளிப் பட்டியலின் படிவம் அச்சுக்குப் போகுமுன் இதைக் கவனித்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
ஆசிரியர்கள்