கொசஸ்தலை ஆற்றை எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் கொடுங்கள்

பள்ளிப் பாடத்திட்டக் குழுவினருக்கும், சமூக அறிவியல் வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வடசென்னைப் புவியியல் ஆசிரியர்கள் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அரையாண்டுத் தேர்வின் சமூக அறிவியல் விடைத்தாள் திருத்தத்தில் எழுந்த பிரச்சினை உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கும். அதை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கடலோர அரிப்பு பற்றிய ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இப்பகுதிப் பிள்ளைகள் பலர் தங்கள் ஊரை வைத்து விடை எழுதினார்கள். விடைக்குறிப்பில் அலைகளின் வேகம், புயல், மணல் அள்ளுதல், கடல்மட்ட உயர்வு, தாவரப் போர்வை அழிதல் என்று ஐந்து சொற்றொடர்கள் இருந்தன. அந்த ஐந்தில் எதுவும் இல்லாத விடைகளுக்குப் பக்கத்தில் 'குறிப்பில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி, ஐந்துக்கு ஒன்று போடப்பட்டது.

அப்படி அடிபட்ட விடைகளில் ஒன்று இது: "துறைமுகத்துக்குக் கல் கொட்டியதும் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. அதனால் மெரினா அகலமானது. காசிமேட்டுக்கு வடக்கே மணல் வராமல் கரை அரித்தது. தூண்டில் வளைவு போட்ட இடத்தில் தெற்குப் பக்கம் மணல் சேர்கிறது, வடக்குப் பக்கம் அரிக்கிறது."

தூண்டில் வளைவு என்பது கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர். இந்த விடையில் என்ன தவறு என்று சொல்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திசை மாறும். ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. மணல் அவற்றின் தெற்கே தேங்கியது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அங்கிருந்து வடக்கே போகிற மணல் போய்க்கொண்டேதான் இருந்தது. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்ததால் கரை உள்வாங்கியது. அந்தப் பிள்ளை நாலு வரியில் காரணத்தையும் செயல்முறையையும் விளைவையும் எழுதி, தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் பக்கவிளைவையும் சேர்த்திருக்கிறது. இந்த வினாவுக்கு இதைவிட நல்ல விடையைப் பல ஆண்டுகளில் நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. இயற்கை இடர், வளப் பயன்பாடு, நகர வளர்ச்சி ஆகிய பாடங்களில், கேட்ட செயல்முறையைச் சரியாக விளக்கும் உள்ளூர் விடைக்கு முழு மதிப்பெண் தர எழுத்துப்பூர்வமான வழிகாட்டுதல் வேண்டும். 'ஏற்புடைய பிற விடைகள்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் போதாது. எது ஏற்புடையது என்று முடிவெடுக்கத் திருத்துபவர் பயப்படுகிறார். மறுகூட்டலில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

வெளி மாவட்டத்தில் திருத்துகிறவருக்கு வடசென்னையின் எர்ணாவூர் எங்கே தெரியும் என்று சொல்லப்படுகிறது. தெரிய வேண்டியதில்லை. இடத்தின் பெயர் சான்று மட்டும்தான், மதிப்பெண் செயல்முறைக்கு. தூண்டில் வளைவுக்கு வடக்கே மணல் சேர்கிறது என்று தலைகீழாக எழுதியிருந்தால், கரையோர மணல் நகர்வைப் படித்த சேலத்து ஆசிரியராலும் அது தவறு என்று கண்டுபிடிக்க முடியும். இடம், அங்கே கண்ணால் கண்டது அல்லது அளந்தது, அது ஏன் நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன ஆகிறது. இந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வெள்ளத்துக்கு வருவோம். வகுப்பில் வெள்ளம் என்றாலே 2015, செம்பரம்பாக்கம், அடையாறு. அது நடந்தது உண்மை, படிக்க வேண்டியதும்தான். ஆனால் வடசென்னை வெள்ளத்தின் கணக்கு வேறு. பூண்டி ஏரியில் திறக்கும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி மணலி புதுநகர்ப் பக்கம் வருகிறது. புழல் ஏரியில் திறப்பது உபரிநீர்க் கால்வாயில் சுமார் 13 கிலோமீட்டர் ஓடிச் சடையங்குப்பம் அருகே அதே ஆற்றில் சேர்கிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பகுதிக் கால்வாய்கள் பக்கிங்காம் கால்வாயில் இறங்குகின்றன. இத்தனைக்கும் கடைசி வாசல் எண்ணூர் முகத்துவாரம். அங்கே மணல் திட்டு விழுந்து வாய் குறுகியிருக்கும். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், சென்னையில் அந்த ஏற்றம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர். புயல் நேரத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும், காற்று தள்ளுகிற தண்ணீர் அதற்கும் மேல். கரையோரக் குடியிருப்புகளின் தரையே கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். எனவே எங்கள் தெருக்களில் தண்ணீர் நிற்பதற்கு, எவ்வளவு மழை பெய்தது என்பதோடு கடல் எந்த நேரத்தில் ஏறி இருந்தது என்பதும் காரணம். இதை ஒரு பிள்ளை எழுதினால், விடைக்குறிப்பில் 'கனமழை, மேகவெடிப்பு, காடழிப்பு' மட்டும் இருப்பதால் அதற்கும் மதிப்பெண் கிடையாது.

கணக்குப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லித்தர இதைவிட நல்ல பொருள் ஏது? நாளிதழில் தினமும் ஏரி நிலவரம் வருகிறது. புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஒரு ஏரியிலிருந்து நொடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 864 மில்லியன் கன அடி வெளியேறும், அதாவது புழலில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு ஏக்கர் பள்ளி வளாகத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். இந்த எண்களைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு மழைநீர் சேகரிப்பின் பயன்களை உருப்போட வேண்டிய தேவையே இருக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. தண்ணீர் வடிந்த பின் எர்ணாவூர்ப் பக்கத்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு நின்றது. எண்ணெய் மிதக்கும் என்பதால் தண்ணீர் அதிகபட்சம் எதுவரை ஏறியதோ அதுவரை கறுப்பு ஏறும். சேற்றுக்கறை அதற்குக் கீழே, தண்ணீர் அசையாமல் நின்ற மட்டத்தில் தடிப்பாகப் படியும். இரண்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால், உச்சத்துக்குப் பிறகு வெள்ளம் எவ்வளவு இறங்கித் தேங்கியது என்று தெரியும். இயற்கை இடரும் மனிதத் தவறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற பாடம் ஒரே சுவரில் எழுதியிருந்தது. அதைப் பாடமாக்க எங்களிடம் ஒரு பாடவேளைகூட இல்லை, அந்த மாதம் அட்டவணையில் 'இமயமலையின் பிரிவுகள்' இருந்தது. சுவருக்கெல்லாம் பிறகு சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

நிலவரைபடத்தைப் பாருங்கள் என்பீர்கள். 1:50,000 அளவு நிலவரைபடத்தில் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்று. மணலியும் எண்ணூரும் முதல் கோட்டுக்கும் கீழே கிடக்கின்றன. அந்தப் படத்தில் எங்கள் பகுதிக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் தெருவில் அரை அடி வித்தியாசம்தான் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த அரை அடியை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப் போதும். 12 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் அளவு குறித்த இரண்டு குச்சிகளும் வாங்கச் சில நூறு ரூபாய் ஆகும். வாயால் உறிஞ்சாமல் குழாயை மெதுவாக நிரப்ப வேண்டும். சொட்டு மை கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அளவு சில சென்டிமீட்டர் பிசகும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் 10 மீட்டருக்கு இறக்கமே ஒரு சென்டிமீட்டர்தான், ஆக ஒரு குமிழ் மொத்த அளவையும் கெடுத்துவிடும். நகரும்போது இரண்டு முனையையும் கட்டை விரலால் அடைக்க வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது. நீர்மட்டம் ஆடி அடங்கும்வரை பொறுத்து, குழாய்க்குள் தெரியும் நீர்ப்பரப்பு வளைவின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும். பள்ளி வாசற்படியில் தொடங்கித் தெருமுனை போய், திரும்ப அதே படிக்கு வந்து கணக்கை மூட வேண்டும். ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய அளவு செல்லாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுதில் இதைச் செய்துவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில், தண்ணீர் வடிந்த தெருவில், ஆற்றங்கரைப் பக்கமே போகாமல் செய்யலாம் என்பதால் பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க இடமில்லை.

ஆண்டு முழுவதும் வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கென்று மதிப்பெண் ஏற்கனவே இருக்கிறது. இப்போது அது ஸ்டேஷனரி கடையில் வாங்கிய சுனாமி படத்தைச் சார்ட்டில் ஒட்டுவதற்குப் போகிறது. அதை இந்த அளவீட்டுக்குத் தரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நிலத்தடி நீரும் அப்படியே. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தது 1969-லேயே கண்டறியப்பட்டது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அது தள்ளி வைக்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதி. மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் கீழே 40 மீட்டரை இழக்கிறோம். புத்தகத்தில் 'நிலத்தடி நீர்மட்டம் குறைகிறது' என்று மட்டும் படித்த பிள்ளைக்கு, தன் வீட்டு போர் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்பது கடைசிவரை புரியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகரமயமாதலின் சிக்கல்கள் என்ற பட்டியலில் 'குடிசைப் பகுதிகள் பெருகுதல்', 'திடக்கழிவு' என்று வருகிறது. அதை மனப்பாடம் செய்கிற பிள்ளை வியாசர்பாடியிலோ கொடுங்கையூர்க் குப்பைமேட்டை ஒட்டியோ குடியிருக்கிறது. தன் தெருவே ஒரு சிக்கல் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறது. நகரம் முழுவதின் குப்பையில் பாதி ஏன் இங்கே வந்தது, அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பல் குட்டைகளும் ஏன் இந்தக் கழிமுகத்தைச் சுற்றியே அமைந்தன, 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது திருவொற்றியூருக்கும் மணலிக்கும் மழைநீர் வடிகால் ஏன் உடனே வரவில்லை என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் இல்லை. மின்சாரமும் பெட்ரோலும் மீனும் இங்கிருந்து போகின்றன, பாடப்புத்தகத்துக்கு நாங்கள் ஒரு சிக்கலின் பெயராக மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறோம். இதைக் கோபமில்லாமல் எழுத முயன்றோம், முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடநூலை மாற்றுவதற்கு ஆண்டுகள் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும், அதை இப்போது கேட்கவில்லை. நாங்கள் கேட்பது ஒரு பக்கச் சுற்றறிக்கை. செயல்முறையைச் சரியாக விளக்கும் உள்ளூர் விடைக்கு முழு மதிப்பெண் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். வளரறி மதிப்பீட்டில் தெரு அளவீட்டை ஏற்கலாம் என்பதும் இருக்க வேண்டும். அரையாண்டில் மதிப்பெண் இழந்த விடைத்தாள்கள் பள்ளிகளில்தான் இருக்கின்றன, சுற்றறிக்கை வந்தால் மறுநாளே அவற்றைத் திரும்பத் திருத்திவிடலாம். நான்கு அம்சங்களைக் கொண்ட மாதிரி விடைக்குறிப்பு ஒன்றைக் கடலோர அரிப்புக்கும் வெள்ளத்துக்கும் நாங்களே எழுதித் தரத் தயாராக இருக்கிறோம். நீங்கள் திருத்தி வெளியிட்டால் போதும்.

பொதுத்தேர்வு திருத்தும் பணிக்கு முன்பாக இது வந்து சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னைப் பள்ளிகளின் புவியியல் ஆசிரியர்கள்