மாமா, எனக்குக் கேட்டது

மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னாய். எத்தனையாவது தடவை என்று கணக்கே இல்லை. நீ கையை வாயருகே குவித்து "மாமா... மாமா..." என்று கத்திக் காட்டியதும் சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆத்துச் சத்தத்துல இவனுக்கு ஒண்ணுமே கேக்கல" என்ற இடம் வந்தபோது வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

2018 செப்டம்பர், ஜார்ஜியா நாட்டு மலையில் நாம் நடக்கப் போனபோது நடந்தது. ஏழு வருடமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். எதிரே உட்கார்ந்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். தவிர, தலையை ஆட்டியது எல்லார் முன்னாலும்தானே. அதனால் இங்கே எழுதுகிறேன். நம் ஆட்கள் பாதிப் பேர் படிப்பார்கள், உன் வீட்டிலும் படிப்பார்கள். ஆகவே அதிஷி என்ற அந்த மலைக் கிராமத்தில் முந்தின ராத்திரி நீ சொன்னதை எழுத மாட்டேன். தலைநகர் திபிலீசியின் அந்தச் சனிக்கிழமையையும் தொட மாட்டேன். பயப்படாதே.

என் கோபம் எழுத்துகளில்தான் தொடங்கியது. ஜார்ஜிய மொழிக்கு 33 எழுத்து. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே உட்கார்ந்து படித்தேன். நம் எழுத்து மாதிரியே சுழி சுழியாக இருக்கும், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற தொல்லை கிடையாது, எழுதியபடியே வாசிக்கலாம். எண்களையும் விடவில்லை. அவர்கள் இருபது இருபதாக எண்ணுவார்கள். நாற்பது என்றால் இரண்டு இருபது, எழுபது என்றால் மூன்று இருபதும் ஒரு பத்தும். மர்ஷ்ருத்கா வேன் ஓட்டுநர் கட்டணம் சொன்னதும் நான் மனதுக்குள் பெருக்கிக் கூட்டிக்கொண்டு நிற்பேன். அதற்குள் நீ கையிலிருக்கும் லாரி என்ற அந்த நாட்டு நோட்டுகளை விசிறி மாதிரி விரித்து அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறியிருப்பாய். அவரும் சரியான தொகையைத்தான் எடுத்திருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் அந்தத் தண்ணீர். ஜார்ஜிய மொழியில் தண்ணீருக்கான சொல்லின் முதல் இரண்டு மெய்களையும் தொண்டையை அடைத்துத் தெறிக்கவிட வேண்டும். பாத்ரூமில் நின்று பழகியிருக்கிறேன். மெஸ்தியா என்ற மலை ஊரில் அந்தப் பாட்டியிடம் நான்கு தடவை சொன்னேன், அவர் பாவமாகப் பார்த்தார். நீ பின்னாலிருந்து "பாட்டி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாய். ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்தார். உன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நாடு முழுக்க நீ தமிழில்தான் பேசினாய். ரொட்டிக்கு அங்கே புரி என்று பெயர் என்று தெரிந்ததும் "பார்த்தியா, பூரி! நம்ம ஊரு" என்று குதித்தாய், அத்தோடு உன் படிப்பு முடிந்தது. மொழி படித்தவன் நான், விருந்தாளி நீ. அதிஷியில் அந்த வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் அந்த மலைப்பகுதியின் ஸ்வான் மொழியில் பேசிக்கொண்டார்கள். அதற்குத் தனி எழுத்தே கிடையாது. என் 33 எழுத்தும் அந்த வாசலிலேயே நின்றுவிட்டன. நீ அடுப்புக்குப் பக்கத்தில் அவர்களோடு உட்கார்ந்து, என்னவென்றே தெரியாமல், சரியான இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தாய்.

காசையெல்லாம் நானே வைத்துக்கொள்கிறேன் என்று மெஸ்தியாவிலேயே உன்னிடம் வாங்கிக்கொண்டது நினைவிருக்கும். பாஸ்போர்ட்டையும்தான். பத்திரமாக இருக்கட்டும் என்றேன். பத்திரத்துக்காக இல்லை. அந்தப் பயணத்தில் ஏதாவது ஒன்று என் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்தக் காலை உன்னை இரண்டு தடவை எழுப்பினேன். மூன்றாவது தடவை எழுப்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு எப்படி என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: அதிஷியிலிருந்து உஷ்குலி கிராமத்துக்கு நடக்கிறவர்கள் பனியாறு உருகி வரும் ஒரு ஆற்றைக் கடக்க வேண்டும், பாலம் கிடையாது. காலையில் தண்ணீர் அடங்கி இருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்துக்குள் ஆறு வெறிபிடித்த மாதிரி ஓடும். அதனால் ஊர்க்காரர்கள் காலையிலேயே குதிரையோடு வந்து நின்று, நடக்க வந்தவர்களை ஏற்றி அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் ஒரு பெரியவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். அக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்காகக் காத்திருந்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நீ வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நீ வரவில்லை. ஏறத் தொடங்கினேன். கணவாய் 2,600 மீட்டரைத் தாண்டும், இருட்டுவதற்குள் அடுத்த ஊரான இப்ராலி போய்ச் சேர வேண்டும். இதுவும் பொய் இல்லை.

பாதி ஏற்றத்தில் கூப்பிட்டாய்.

முதல் தடவை கேட்டபோது நான் நின்றேன். இரண்டாவது தடவை உன் குரல் உடைந்தது. மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தேன், ஒரு ரோடோடென்ட்ரான் புதருக்குப் பின்னால் நின்றுகொண்டு. பையின் மஞ்சள் மழை உறை கீழே பளிச்சென்று தெரிந்தது. நீ இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து நின்றாய். வழியில் உன்னைப் பார்த்துத் தடுத்த அந்தப் பெரியவர் குதிரையைத் திருப்பிக்கொண்டு உன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

திரும்பியிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் சொல்? நடுவில் ஆறு. குதிரையே இறங்காத தண்ணீரில் நான் எங்கே இறங்குவது? இதை நூறு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நூறு தடவையும் சரியாகத்தான் இருக்கிறது. கையையாவது ஆட்டியிருக்கலாம். நீ உயிரோடு இருக்கிற என்னைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருப்பாய். "சிரிச்சே ஊரை வளைக்கிறவன்தானே, இந்த ஆத்தையும் சிரிச்சே தாண்டி வரட்டும்" என்று நினைத்தேன். அச்சு அசல் இதே வார்த்தைகள். நடந்தேன்.

ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா. நீ சொல்லும் கதையின் உயிரே அதுதான். அக்கரையைப் பார்த்து அப்பா, அப்பா என்று கதறும் பையனாக அந்தப் பெரியவருக்கு நீ தெரிந்திருக்கிறாய். ராத்திரி அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை, கிழவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டே இருந்தாள் என்று நீ நடித்துக் காட்டும்போது நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கிறேன். அதே ராத்திரி நான் இப்ராலியில், நண்பன் நாளை வருவான் என்று அந்த வீட்டு அம்மாவிடம் சொன்னேன். இரண்டே சொல், உடனே புரிந்துகொண்டார். மொத்தப் பயணத்தில் என் உச்சரிப்பு சரியாக அமைந்தது அந்த ஒரு பொழுதில்தான்.

மறுநாள் அவர் உன்னை ஆற்றைக் கடத்தி, கணவாயைத் தாண்டி, இப்ராலி வரைக்கும் கூட்டி வந்தார். என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால், வாசலுக்குள், ஒரு கிழவரைத் தேடினார். "மாமா?" என்றார். "அரா. மெகோபாரி" என்றேன். இல்லை, நண்பன். அந்தச் சொல்லுக்கு வேர் ஒரு மரத்தட்டு, ஒரே தட்டில் சாப்பிடுகிறவன் என்று எங்கோ படித்திருந்தேன். அவர் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நீ குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினாய்.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்று வருகிறது. அன்று சாயங்காலம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "ஆத்துச் சத்தம்டா, உனக்குக் கேட்டிருக்காது" என்றாய். நான் "ஆமா" என்றேன். அந்தப் பொய் என்னுடையது இல்லை மாப்ள, நீ எடுத்து என் கையில் கொடுத்தது. ஏன் கொடுத்தாய்? ஒரு அறை விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். உஷ்குலி வரைக்கும் ஒழுங்காகப் பேசிக்கொண்டு போயிருப்போம். அங்கே எடுத்த போட்டோவில், அந்தக் கல் கோபுரங்களுக்கு முன்னால், நீ என் தோளில் கை போட்டிருக்கிறாய். அந்தக் கை எவ்வளவு கனமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒருவேளை தெரிந்துதான் போட்டாயோ என்னவோ.

அந்தப் பெரியவர் காசு வாங்கவில்லை. நான் நீட்டியதை என் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டு உன்னைக் கட்டிப்பிடித்தார். முந்தின நாள் ஆற்றங்கரையில் உன்னிடம் ஒரு லாரிகூட இருந்திருக்காது. பாஸ்போர்ட்டும் இல்லை. எல்லாம் என் இடுப்புப் பையில். புதருக்குப் பின்னால் நின்றபோது அது எனக்கு நினைவில் இருந்ததா என்று கேட்காதே. இருந்தது.

இத்தனை வருடத்தில், இத்தனை பேரிடம், குதிரை, கிழவி, சிலுவைக்குறி என்று ஒன்று விடாமல் சொல்கிறாய். கையில் காசில்லாமல் நின்றதை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.