இது இந்த மாடலின் இயல்பு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். நீ கூடவே வைத்திருந்த, உன் வண்டியின் சர்வீஸ் பேப்பரை மட்டும் மூன்று தடவையாவது எடுத்துப் படித்திருப்பேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று சத்தம், இரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடுகிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். டீலரிடம் சர்வீஸ் பார்த்தவர்கள் அதற்கு ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறார்கள்: ‘இது இந்த மாடலின் இயல்பு.’

இந்த வரி எனக்குப் பழைய பழக்கம். என் டீசல் பிக்கப் 52,000 மைல் ஓடியிருந்தபோது எனக்கும் இதையே எழுதிக் கொடுத்தார்கள். 81,000 மைலில் அந்த இயல்பு நெடுஞ்சாலையின் நடுவே, பின்னால் டிரெய்லரோடு, என்னை நிறுத்தியது.

அதற்காக நீ பயந்துவிடாதே. டிக் சத்தமெல்லாம் சாவு மணி இல்லை. எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் ஒன்று முறிந்து லேசாகக் கசிந்தாலும் இப்படித்தான் கேட்கும். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் அடிக்கும் சத்தமும் கிட்டத்தட்ட இதுதான். வால்வைத் தூக்கிவிடும் லிஃப்டர் தேய்ந்தாலும் ஆரம்பத்தில் இதே சத்தம்தான், அங்கேதான் வம்பு. ஒரு நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதோரம் வைத்துக்கொண்டு மறுமுனையை மேனிஃபோல்டு பக்கமாக மெல்ல நகர்த்திப் பார். பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதே. சத்தம் ஒரே இடத்தில் ‘புஸ் புஸ்’ என்று கூர்மையானால் அது கசிவு, மலிவாக முடியும்.

வழக்கு ஒன்று நடக்கிறதாம், அதில் சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்காவில், ஒரே குறைக்காகப் பலர் சார்பில் ஒன்றாக நடத்தும் வழக்கான கிளாஸ் ஆக்‌ஷனில் நீ போய்ச் சேர வேண்டியதே பெரும்பாலும் இல்லை. உன் மாடலும் வருடமும் அந்த வரையறைக்குள் வந்தால், நீயாக விலகிக்கொள்ளாத வரை உன்னையும் சேர்த்துத்தான் கணக்கு. தபாலில் ஒரு நோட்டீஸ் வரும். விளம்பரம் என்று நினைத்து நாம் தூக்கி எறிவோமே, அந்த மாதிரியே இருக்கும். எறிந்துவிடாதே, அதில் கடைசித் தேதி இருக்கும்.

ஆனால் அந்தப் பணத்தை நம்பி எந்த முடிவும் எடுக்காதே. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனியின் 5.3 லிட்டர் வி8 எஞ்சின் விவகாரத்தைப் பார். 2011 முதல் 2014 வரையான வண்டிகள், பிஸ்டன் ரிங் சரியில்லை, ஆயிலைக் குடிக்கிறது என்று குற்றச்சாட்டு. வழக்குப் போட்டது 2016 கடைசியில். சான் பிரான்சிஸ்கோவில் ஜூரி தீர்ப்புச் சொன்னது 2022 அக்டோபரில். தொகை 102.6 மில்லியன் டாலர்! கேட்கும்போது வாய் பிளக்கும். சுமார் 38,000 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 2,700 டாலர். ஆறு வருடம் காத்திருந்து, ஒரு எஞ்சினைக் கழற்றி மாட்டும் கூலிக்கே போதாத காசு.

லாரி கம்பெனி நேவிஸ்டார் கதை இன்னும் ருசியானது. 2010-இல் புகை விதி இறுகியபோது மற்ற கம்பெனிகள் எல்லாம் எக்ஸாஸ்டில் யூரியாவைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தன. இவர்கள் மட்டும் யூரியாவே வேண்டாம், புகையையே இன்னும் அதிகமாக எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பிச் சமாளிக்கிறோம் என்று நின்றார்கள். வந்தவைதான் மேக்ஸ்ஃபோர்ஸ் 11, 13 எஞ்சின்கள். சூடும் கரியும் ஏறி, அந்தப் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர்கள் விரிசல் விட்டு, வண்டிகள் ஓடியதைவிட ஒர்க்‌ஷாப்பில் நின்றது அதிகம் என்று டிரைவர்கள் புலம்பினார்கள். 2012-இல் அவர்களே பிடிவாதத்தை விட்டுவிட்டு கம்மின்ஸின் யூரியா முறைக்குப் போனார்கள். பிறகு 2011 முதல் 2014 வரையான மாடல்களுக்கு 135 மில்லியன் டாலர் சமரசம். அதில் ஒரு வாய்ப்பு என்ன தெரியுமா? புது லாரி வாங்கினால் 10,000 டாலர் வரை தள்ளுபடி. எந்தக் கம்பெனியின் புது லாரி? அதே கம்பெனியினுடையதுதான்! சூடு போட்டவனிடமே போய் மருந்து வாங்கச் சொன்ன கதை. ரொக்கம் வேண்டுமென்றால் 2,500 வரை. கைக்காசைச் செலவழித்ததற்குப் பில்லைக் காட்ட முடிந்தவர்களுக்கு 15,000 வரை. பில் வைத்திருந்தவனுக்கும் வைத்திராதவனுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம் பார்.

ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது, வேறு சமாச்சாரம். எஞ்சின் ஆயில் குடித்தால் அது உன் பர்ஸுக்கு ஆபத்து, சாலையில் போகிற இன்னொருவனுக்கு அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பூட்டிக்கொண்டால்தான் அது பாதுகாப்புப் பிரச்சினை, அப்போதுதான் அரசாங்கம் உள்ளே வரும். அதனால்தான் ஆயில் குடிப்பது கோர்ட்டுக்குப் போகிறது, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் போவது ரீகாலில் முடிகிறது. டொயோட்டா 2024 மே மாதம் டண்ட்ரா பிக்கப்பையும் லெக்ஸஸ் எல்எக்ஸ் காரையும் திரும்ப அழைத்ததே, சுமார் 1,02,000 வண்டிகள், அதுவும் இப்படித்தான். தயாரிப்பில் உலோகத்தைக் கடைந்தபோது விழுந்த பிசிறு எஞ்சினுக்குள்ளேயே தங்கி மெயின் பேரிங்கைத் தின்றிருக்கிறது. நல்ல பெயர் எடுத்த கம்பெனியே சுத்தம் செய்ய மறந்தால் நாம் என்ன செய்ய முடியும்?

நிஜமாக என்னை யோசிக்க வைத்தது 2025 ஏப்ரலில் வந்த ஜிஎம் 6.2 லிட்டர் ரீகால். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள், 2021 முதல் 2024 வரையான மாடல்கள். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்பில் கோளாறு. குறை இருக்கக்கூடியவை 3 சதவீதம்தான் என்று கம்பெனியே மதிப்பிட்டது. டீலர் சோதித்துப் பார்ப்பார். தேறாத எஞ்சினுக்கு ரிப்பேர் அல்லது மாற்று. தேறியதற்கு? ஆயிலை 0டபிள்யூ-20 என்ற நீர்த்த கிரேடிலிருந்து 0டபிள்யூ-40 என்ற கெட்டியான கிரேடுக்கு மாற்றி, புது ஃபில்டர், புது ஆயில் மூடி, மேனுவலில் செருக ஒரு தாள். அவ்வளவுதான்.

இதில் என் கண் நின்ற இடம் அந்த மூடி. நேற்றுவரை ‘இதைத் தவிர வேறு ஊற்றாதே’ என்று மூடியில் அச்சடித்திருந்தது ஒரு நம்பர், இன்று வேறு நம்பர். 100 டிகிரி சூட்டில் 20 கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மை, சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில், 6.9-இலிருந்து 9.3-க்குள் இருக்கும், 40 கிரேடு 12.5-க்குக் குறையாது. சின்ன மாற்றமில்லை. பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இருப்பது தலைமுடி தடிமன்கூட இல்லாத இடைவெளி, அதில் இரண்டையும் ஒட்டவிடாமல் பிரித்து வைப்பது ஆயில் படலம் ஒன்றுதான். நீர்த்த ஆயில் ஊற்றினால் மைலேஜ் துளி கூடும், லட்சக்கணக்கில் வண்டி விற்கிறவனுக்கு அந்தத் துளி பெரிய லாபம். உனக்கு இருப்பது ஒரே வண்டி.

அதற்காக நீயும் நாளைக்கே 40 ஊற்றிவிடாதே! உன் எஞ்சின் வேறு, வாரண்டியும் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. மேனுவலில் இல்லாத கிரேடை ஊற்றி, அவர்கள் கையில் நாமே ஏன் ஒரு சாக்கைக் கொடுக்க வேண்டும்? கிரேடு அவர்கள் சொன்னதே இருக்கட்டும், எத்தனை மைலுக்கு ஒரு தடவை மாற்றுவது என்பதை மட்டும் நீ முடிவு செய். டேஷ்போர்டில் ஆயில் லைஃப் 40 சதவீதம் என்று காட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆயிலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. எத்தனை சுற்று ஓடியது, எவ்வளவு சூடு என்று போடும் கணக்கு. நீ டிரெய்லர் இழுக்கிறாய், குளிரில் ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறாய் (மறுக்காதே, பார்த்திருக்கிறேன்). 5,000 மைலில் மாற்றிவிடு.

பிராண்டைப் பற்றிக் கவலைப்படாதே. 1975-இல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, இலவசமாகக் கொடுத்தாலொழிய ‘எங்கள் பிராண்டு ஆயில்தான் ஊற்ற வேண்டும், எங்களிடம்தான் மாற்ற வேண்டும்’ என்று வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. நீயே வீட்டில் மாற்றலாம். ஆனால் மாற்றினேன் என்று காட்டத் தெரிய வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். 7,500 மைலுக்கு ஒரு தடவை தவறாமல் நானே மாற்றியிருந்தேன். பத்துத் தடவை. வாரண்டி இன்னும் பாக்கி இருந்ததால் தைரியமாகத்தான் போனேன். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே முதல் கேள்வி: “ஆயில் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா?” வீட்டில் டிராயரைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஆறு பில் கிடைத்தது, அதில் இரண்டில் எழுத்தே மங்கிப்போயிருந்தது. அந்த வழவழப்பான தாளில் அடிக்கிற பில்லெல்லாம் ஒரு வெயில் காலம்கூடத் தாங்காது. மீதி நான்குக்குக் கார்டு ஸ்டேட்மென்ட்டைத் தேடி எடுத்தேன். அதில் கடைப் பெயரும் தொகையும்தான் இருக்கும், ஆயில் வாங்கினேனா அரிசி வாங்கினேனா என்று இருக்காது. ‘பராமரிப்புக் குறைவு’ என்று எழுதி மறுத்துவிட்டார்கள்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது எது என்று நினைக்கிறாய்? அந்த 52,000 மைல் பேப்பர். ‘வாடிக்கையாளர் சொல்வது: காலையில் சத்தம்’ என்று மேலே, ‘இயல்பு’ என்று கீழே, தேதியோடு, மைலோடு. நான் முன்பே சொன்னேன், நீங்கள்தான் பார்க்காமல் அனுப்பினீர்கள் என்று அதை வைத்துத்தான் மேலே மேலே எழுதினேன். ஏழு வாரம். எஞ்சின் அவர்கள் செலவு, கூலி என் செலவு என்று முடிந்தது. ‘குட்வில்’ என்று பெயர் வைத்தார்கள். தப்பை ஒத்துக்கொள்ளாமல் பணம் கொடுப்பதற்கு எவ்வளவு அழகான பெயர்!

ஆகவே அந்தப் பேப்பரைக் கிழித்துப் போடலாம் போலிருக்கிறது என்று எழுதினாயே, தயவுசெய்து செய்யாதே. அது உன் வண்டிக்கு ஜாதகம். அடுத்த மாதம் திரும்பப் போ. காலை வரை வண்டியை அங்கேயே விட்டு, குளிர்ந்த எஞ்சினில் கேட்கச் சொல். உன் வார்த்தையிலேயே எழுதச் சொல். ‘சத்தம் கேட்கவில்லை’ என்று எழுதினால் அதையும் வாங்கி வை. போன முறை கேட்டது, இயல்பு. இந்த முறை கேட்கவே இல்லை. இரண்டு பேப்பரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். அப்புறம் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் உன் மாடலைப் போட்டுப் பார். கம்பெனி டீலர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின்கள் அங்கே கிடைக்கும், காசு கிடையாது. இந்தச் சத்தத்தைப் பற்றி அவர்களே ஒன்று எழுதியிருந்தால், அந்த நம்பரோடு போய் நில்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டாம் என்பேன். கம்பெனியே விற்பது என்றால் யோசிக்கலாம். போனில் கூப்பிட்டு விற்கிறார்களே, அவர்கள் உன் பழைய சர்வீஸ் பேப்பரைத்தான் முதலில் கேட்பார்கள், ‘சத்தம் முன்பே இருந்தது’ என்று கைவிரிப்பார்கள். நமக்கு ஜாதகமாக இருப்பது அவர்களுக்குச் சாக்காகும்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலியால் வண்டிக்கு அடியில் படுப்பது குறைந்துவிட்டது. சின்னவன்தான் படுக்கிறான், நான் டார்ச் பிடிக்கிறேன். நாம் அறையில் இருந்த காலத்தில் நீ டார்ச்சைத் தப்பான இடத்தில் காட்டுகிறாய் என்று எவ்வளவு திட்டியிருப்பேன். அதை எல்லாம் வட்டியோடு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆயில் மாற்றும்போது ஃபில்டரை எறியாதே. ஃபில்டர் கட்டர் வாங்கி வெட்டு. ஹேக்சா வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து வீண் பயம் காட்டும். மடிப்புத் தாளைப் பிழிந்து, வெள்ளைத் தாள் மேல் விரித்து வெயிலில் பார். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் வெண்கலமாகவோ வெள்ளியாகவோ மின்னினால் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ஒன்றிரண்டு பொட்டுக்குப் பதறாதே. ஆயிலிலும் கொஞ்சம் பிடித்து லேபுக்கு அனுப்பு. ஈயமும் செம்பும் ஏறியிருக்கிறதா, சோடியம் இருக்கிறதா என்று எழுதி அனுப்புவார்கள். சோடியம் ஏறினால் கூலன்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் கொட்டுவதையும் கடைசிச் சொட்டையும் பிடிக்காதே, நடுவில் பிடி. ஃபில்டர் படத்தை எனக்கு அனுப்பு, வெயிலில் எடுத்ததாக இருக்கட்டும். நீ எடுக்கிற படம் எப்போதும் இருட்டாகவே இருக்கும்.

அன்புடன்,
கண்ணன்