காலிஃபிளவர் விதை வாங்கியவர்களுக்கு நம் விதைக்கடையிலிருந்து ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி முடியப் போகிறது. இந்நேரம் நீங்கள் எல்லாரும் மாடியிலிருந்து காலிஃபிளவரைப் பறித்து வந்து, வெந்நீரில் மஞ்சளும் உப்பும் போட்டுப் புழு எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சிலர் வீட்டில் அது நடந்தது. போட்டோ அனுப்பியிருந்தீர்கள், பிரிண்ட் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். வேறு சிலர் வீட்டில் யானைக்காது மாதிரி இலை வந்ததே தவிரப் பூ வரவில்லை. அந்தச் சேதி பத்து நாளாகத் திருச்சி மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். "இதுக்கு என்ன சொல்றீங்கண்ணே?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பூ வரவில்லை என்று கோபப்படுவது நியாயம். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியவர் கோபப்படாமல் வேறு யார் படுவது? ஆனால் அந்தச் செய்தியின் கடைசி வரி இப்படி இருந்தது: "கடுகை கவர்ல போட்டு காலிஃபிளவர்னு வித்துட்டாங்க." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். கத்தரி முளைக்கவில்லை, பாகல் கசக்கிறது என்றெல்லாம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் (பாகல் கசக்காமல் வேறு என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை). மளிகைக்கடைச் சரக்கை விதை என்று விற்றேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கடுகு விஷயத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கடுகும் காலிஃபிளவரும் ஒரே குடும்பம். முட்டைக்கோஸ், நூல்கோல், புரோக்கோலி எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். ஐந்தின் விதையையும் உள்ளங்கையில் கொட்டினால் எது எது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். முளைத்து வரும் முதல் இரண்டு இலையும் இதய வடிவில் ஒன்றுபோலவே இருக்கும். அதற்கடுத்த இலையில்தான் சாயம் வெளுக்கும். கடுகின் இலை வெளிர்பச்சையாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். காலிஃபிளவர் இலையில் நீலம் பூத்த ஒரு மெழுகுப்பூச்சு உண்டு. தண்ணீர் தெளித்தால் சேம்பிலையில் உருளுவதுபோல முத்து முத்தாக உருண்டு கீழே விழும். உங்கள் செடியில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டால் அது கடுகு இல்லை. இன்னொன்று, கடுகாக இருந்திருந்தால் ஐப்பசி கடைசியிலேயே மஞ்சள் பூ பூத்துக் காயும் பிடித்திருக்கும். "வெறும் இலைதான் வருது" என்று மார்கழியில் புலம்ப வேண்டியே வந்திருக்காது.

"பழைய விதை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அரசு விதைத் தரத்தில் காலிஃபிளவருக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம். நம் கடையில் டப்பா பிரித்ததும் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் கவர் போடுகிறோம். ஆவணியில் பிரித்த டப்பாவில் 84 முளைத்தது. நோட்டு கடையில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முளைக்காத விதையிலிருந்து யானைக்காது இலை எங்கிருந்து வரும் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். சரி, அதோடு விடுகிறேன்.

பூ ஏன் வருவதில்லை என்பதற்கு வருவோம். நாம் பூ என்று சொன்னாலும் நாம் சாப்பிடுவது பூ இல்லை. பூவாக மாறுவதற்கு முன்னால் தண்டின் நுனி திரண்டு நிற்கும் கட்டி அது. அந்தக் கட்டி திரள ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு குளிர் தேவை. இங்கிலாந்திலிருந்து 1822-ல் இந்தச் செடி வடக்கே சகாரன்பூரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு வடக்கே விவசாயிகள் நூறு வருஷத்துக்கு மேல் வெயிலில் தாங்கிய செடிகளாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்ததில் வந்தவைதான் நம் நாட்டு முன்பருவ ரகங்கள். பூசா மேக்னா, பூசா தீபாலி எல்லாம் அந்த வழியில் வந்தவை. இவற்றுக்கு 20 முதல் 27 டிகிரி போதும். ஊட்டி மாதிரிக் குளிர் ஊர்களில் போடும் ஸ்னோபால் வகைக்கோ 10 முதல் 16 டிகிரி வேண்டும். திருச்சியில் மார்கழி ராத்திரியே 20 டிகிரிதான். ஸ்னோபாலை இங்கே வைத்தால் குளிர் வரும் வரும் என்று காத்திருந்து இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

ரகம் சரியாக இருந்தாலும் நாற்றில் கோட்டை விடலாம். ஸ்ரீரங்கத்தில் நம் பழைய வாடிக்கையாளர் ஒரு டீச்சரம்மா, போன வாரம் என்னைக் கூப்பிட்டு மாடியைக் காட்டினார். எட்டுப் பை, எட்டிலும் ஆரோக்கியமான செடிதான். நடு இலையை விலக்கிப் பார்த்தால் பூ இருக்கிறது, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. "எப்பம்மா நட்டீங்க?" என்றேன். ஐப்பசி முழுக்க மழையாம், நாற்றைக் குழித்தட்டிலேயே ஐம்பது நாள் வைத்திருந்துவிட்டுப் பிறகு பையில் வைத்தாராம். அதுதான் விஷயம். தட்டில் வேர் சுருண்டு பட்டினி கிடந்த நாற்று, நமக்கு இவ்வளவுதான் ஆயுசு என்று முடிவு கட்டி அவசரமாகப் பூவை வைத்துவிடும். அதற்குப் பிறகு மீன் அமிலம், பஞ்சகவ்யா எதை ஊற்றினாலும் அது பெருக்காது. இருபத்தைந்து முப்பது நாளில், நாலைந்து இலை வந்ததும் மாற்றிவிட வேண்டும். மழையானால் என்ன, மேலே ஒரு ஷீட்டைக் கட்டிவிட்டு நடுங்கள். டீச்சரம்மா திட்டவில்லை, காபி கொடுத்து அனுப்பினார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதையை அரை விரல்கடைக்கு மேல் ஆழத்தில் போடாதீர்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் நாற்று தரையோடு ஒடிந்து சாயும், காலையில் ஒரு தடவை தெளித்தால் போதும். பதினைந்து அங்குலப் பைக்கு ஒரு செடிதான். இரண்டு வைத்தால் இரண்டும் போச்சு. ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். இலைக்கு அடியில் பச்சைப்புழு தெரிந்தால் தினமும் கையால் பொறுக்குங்கள், வேப்பெண்ணெய் அதற்குப் பிறகு. பூ எலுமிச்சை அளவு வந்ததும் பக்கத்து இலையை லேசாக ஒடித்து அதன்மேல் குடைபோல மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளித்துவிடும்.

இன்னொரு விஷயம். கடையில் ஒன்பது வருஷமாக விதை எண்ணிக் கவர் போட்டுக்கொண்டிருந்த அக்கா, மகள் பிரசவத்துக்காக ஆவணி கடைசியில் திருப்பூர் போய்விட்டார். அவர் கைக்கு ஈடு கிடையாது, நாற்பது விதை என்றால் நாற்பதுதான் இருக்கும். புது ஆள் அமைய ஒரு மாதம் ஆகிவிட்டது, அதுவரை நானும் பையனும் ராத்திரி கடை சாத்திய பிறகு உட்கார்ந்து போட்டோம். ஊட்டி, கொடைக்கானல் கூரியருக்கு எடுத்து வைத்திருந்த ஸ்னோபால் விதை கொஞ்சம், புரட்டாசி முதல் வாரத்தில் முன்பருவ ஸ்டிக்கர் ஒட்டிய கவர்களில் போயிருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அந்த வாரம் வாங்கியவர்கள் காலிக் கவரைக் கொண்டுவந்தால் ஆவணியில் புதுக் கவர் தருகிறோம். கவர் இல்லையென்றாலும் வாருங்கள், உங்கள் முகம் எனக்குத் தெரியாதா?

ஏன் ஆவணி வரை என்றால், தைக்குப் பிறகு நம் ஊரில் காலிஃபிளவர் போடுவது வீண். கேட்டாலும் தர மாட்டேன். இப்போது வெண்டை, கொத்தவரை, கீரை போடுங்கள்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் "எங்க வீட்ல நல்லா வந்துச்சு, அந்தக் கடை அப்படிச் செய்யாது" என்று குழுவில் எழுதிய ஏழெட்டுப் பேருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதில் ஒருவர், முதல் கொரோனா ஊரடங்கில் கடை மூடியிருந்தபோது பின்கதவைத் தட்டிக் கீரை விதை வாங்கிப் போனவர். நீங்கள் ஒவ்வொருவரும் இருப்பதால்தான் காலையில் ஷட்டரைத் தூக்க முடிகிறது. பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை, அதற்குப் பிறகு வழக்கம்போலக் காலை ஒன்பதரைக்குத் திறப்போம். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் விதைக்கடைக்காரன்

பி.கு.: பூ வராத செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இளம் இலையையும் நடுத்தண்டையும் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.