தாலியாவும் அல்லியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இங்கே ஒரு தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பழைய தேவதைக் கதைகளை எடுத்து, இளவரசி கையில் ஒரு வாளைக் கொடுத்து, ஐந்நூறு பக்க மாயாஜால நாவலாக்கி விற்கிறார்கள், இது மூலக்கதையைச் சிதைக்கிற வேலை என்று கட்டுரையாளர் கோபப்பட்டிருந்தார். அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சங்கரன்கோவில் பக்கம் பிறந்தவள் நான், கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. அதில் 15 வருஷம் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தேன். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கில் வைப்பதும் பிய்ந்ததை ஒட்டுவதும்தான் வேலை, அதனால் எந்தப் புத்தகத்தின் முதுகு சீக்கிரம் விட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி நாவல்கள்தான். எடுத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள். ஒருத்தி எடுத்தால் அவள் தெருவில் நாலு பேர் படித்துவிட்டுத்தான் புத்தகம் திரும்பி வரும், அபராதத்தோடு.

சரி, மூலம் மூலம் என்கிறாரே, எது மூலம்? கட்டுரையில் அவர் சொன்ன தூங்கும் இளவரசியையே எடுத்துக்கொள்வோம். இளவரசன் முத்தம் கொடுத்ததும் விழிக்கிறாளே, அது ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட புத்தகத்தில் உள்ளது. அதற்கு முன்னால் 1697இல் பிரான்சில் பெரோ எழுதியதில் முத்தமே கிடையாது. அவன் போய் மண்டியிடுகிறான், நூறு வருஷம் முடிந்துவிட்டது, அவளே எழுந்துகொள்கிறாள். இன்னும் பின்னால் போனால் இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர் பசீலே. அவர் இறந்த பிறகு 1634இலிருந்து 1636க்குள் வந்த தொகுப்பில் இந்தப் பெண்ணின் பெயர் தாலியா. (நம் காதுக்கு இந்தப் பெயர் வேறு மாதிரி கேட்கிறது, அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.) அதில் வருகிற ராஜா ஏற்கெனவே கல்யாணமானவன். தூங்குகிறவளைக் கெடுத்துவிட்டு ஊருக்குப் போய் மறந்தும் போகிறான். அவள் தூக்கத்திலேயே இரட்டைக் குழந்தை பெறுகிறாள், ஒரு குழந்தை பால் தேடி அவள் விரலைச் சப்ப, அதில் ஏறியிருந்த நார்ச் சிராய் வெளியே வந்துவிட, அப்போதுதான் விழிக்கிறாள். இதைத்தான் சிதைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமா?

சிவப்புத் தொப்பிக்காரப் பெண்ணின் கதை இன்னும் வேடிக்கை. பெரோ எழுதியதில் ஓநாய் பாட்டியையும் தின்கிறது, பேத்தியையும் தின்கிறது, அவ்வளவுதான் கதை, கடைசியில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு புத்திமதிப் பாட்டு. கிரிம் சகோதரர்களிடம் வேட்டைக்காரன் வந்து கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டிக் காப்பாற்றுகிறான். ஆனால் பிரான்சின் கிராமத்து ஜனங்கள் வாயால் சொல்லி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒருவர் எழுதி வைத்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. அதில் அந்தப் பெண் "வெளியே போகணும்" என்று ஓநாயிடம் சொல்கிறாள், அது அவள் காலில் ஒரு கயிற்றைக் கட்டி அனுப்புகிறது, இவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டைப் பார்க்க ஓடிவிடுகிறாள். வேட்டைக்காரனும் இல்லை, புத்திமதியும் இல்லை. கிரிம்மின் புத்தகத்திலேயே வேட்டைக்காரன் போன பிறகு இரண்டாவது ஓநாய் ஒன்று வருகிறது, பாட்டியும் பேத்தியும் தொத்திறைச்சி வேகவைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, அந்த வாசனைக்கு அதைக் கூரையிலிருந்து வழுக்கி விழவைத்து மூழ்கடிக்கிறார்கள். இந்தப் பகுதியைப் படக்கதைப் புத்தகம் போடுகிறவர்கள் அநேகமாக விட்டுவிடுகிறார்கள்.

அதே கிரிம் சகோதரர்கள்தான் ஸ்னோ ஒயிட் கதையில் 1812இல் பெற்ற தாயாக இருந்த கொடுமைக்காரியை 1819 பதிப்பில் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். கோபுரத்தில் அடைபட்ட நீளக் கூந்தல்காரி ரப்புன்ஸெல் முதல் பதிப்பில் "என் உடுப்பெல்லாம் ஏன் இப்படி இறுக்குகிறது" என்று வெகுளியாகக் கேட்டு மாட்டிக்கொள்வாள், அது கர்ப்பத்தைச் சொல்கிறதே என்று பிறகு எடுத்துவிட்டார்கள். ஆக, மாற்றாமல் யாரும் விட்டதில்லை. இன்றைக்கு எழுதுகிற பெண்கள் மாற்றினால் மட்டும் ஏன் நமக்குக் குத்துகிறது?

இப்போது என் பாதிக் கோபத்துக்கு வருகிறேன். இந்த நாவல்களில் நிறைய எனக்கும் பிடிக்காது. வாளைத் தூக்கினால் வீராங்கனை, அம்மா சொன்னதைக் கேட்காவிட்டால் தைரியசாலி, சமைத்தால் அடிமை, இப்படி ஒரு அச்சு வைத்துக்கொண்டு வார்த்து வார்த்து எடுக்கிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே நாலு பேரை வெட்டிச் சாய்க்கிறவளுக்குப் பயம் என்றால் என்ன என்றே தெரியாது, அவளைப் படித்து இந்தப் பிள்ளைகளுக்கு ஆகப்போவது என்ன? அமெரிக்க எழுத்தாளர் நவோமி நோவிக் 2018இல் எழுதிய 'ஸ்பின்னிங் சில்வர்' அப்படி இல்லை. வைக்கோலைப் பொன்னாக நூற்கிற பழைய கதைதான் அடியில் இருக்கிறது. ஆனால் நாயகி மிர்யெம் வட்டிக்குக் கொடுக்கிற யூதரின் மகள். அப்பாவுக்குக் கடனைக் கேட்டு வாங்கத் தெரியாது, வீட்டில் பட்டினி, அம்மா படுத்த படுக்கை. இவள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு குளிரில் வீடு வீடாகப் போய் நிற்கிறாள். வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று அவள் பெருமை பேசுவது மந்திரத்தை நம்பி இல்லை, வாங்கி விற்கத் தெரிந்த கெட்டிக்காரத்தனத்தை நம்பி. அந்தப் பேச்சு பனி ராஜா காதில் விழுந்துவிடுகிறது, அப்புறம்தான் வினை.

அதைப் படிக்கும்போது எனக்கு என் மாமியாருடைய அம்மாதான் ஞாபகம். ஆயா என்றுதான் இங்கே எல்லாரும் கூப்பிடுவார்கள். தோட்டத்துக் கீரையும் மிளகாயும் மூட்டை கட்டி விடியுமுன்னே டர்பனின் வார்விக் பக்கத்துக் காலைச் சந்தைக்குப் போவாராம். எழுதப் படிக்கத் தெரியாது, யார் எத்தனை பென்னி பாக்கி என்பது மட்டும் அத்தனையும் மனக்கணக்கு. பாக்கி வைத்தவன் வீட்டு வாசலில் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துகொள்வாராம், பணம் வந்துவிடும்!

ஆயா சொன்ன கதை என்று என் மாமியார் சொல்வது நல்லதங்காள் ஒன்றுதான். பஞ்சம், ஏழு பிள்ளைகள், கதவை அடைக்கிற அண்ணி, கடைசியில் கிணறு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, "டீச்சர், உனனானா மாதிரி இவள் ஏன் செய்யவில்லை?" என்று கேட்டாள். எனக்கு உடனே பிடிபடவில்லை. அப்புறம்தான் புரிந்தது, இந்த நாட்டின் ஜூலு கதை அது. காலவே என்கிற பாதிரியார் இங்கே நேட்டாலில் கேட்டு எழுதி 1868இல் ஜூலுவும் ஆங்கிலமுமாக அச்சிட்ட தொகுப்பில் இருக்கிறது. உனனானா போசெலேயின் பிள்ளைகளை ஒரு யானை விழுங்கிவிடுகிறது. அவள் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அந்த யானையைத் தேடிப் போய், "என்னையும் விழுங்கு" என்கிற மாதிரி அதன் வயிற்றுக்குள் போகிறாள். உள்ளே இருந்தபடியே ஈரலை அறுத்துச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, யானை செத்ததும் விலாவை வெட்டி வழி பண்ணிக்கொண்டு வெளியே வருகிறாள், பிள்ளைகளோடு, உள்ளே கிடந்த மற்ற ஜனங்களோடு. ஐரோப்பாவில் வயிற்றை வெட்ட வெளியிலிருந்து ஒரு வேட்டைக்காரன் வரவேண்டியிருந்தது, இங்கே தாயே உள்ளே போய் வெட்டுகிறாள்.

நல்லதங்காளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது தாலியாவுக்குத் திரும்பி வருகிறேன். நம் அல்லி அரசாணி மாலையில் அல்லி மதுரையை ஆள்கிறவள், ஆண் வாடையே ஆகாதவள், சண்டை போட்டு நாட்டைப் பிடித்தவள். அவளை நேரில் ஜெயிக்க அர்ச்சுனனால் முடியவில்லை. என்ன செய்தான்? கண்ணன் துணையோடு பாம்பாக அவள் அறைக்குள் போய், தூங்கும்போது தாலியைக் கட்டிவிட்டான். சின்ன வயதில் எங்கள் ஊரில் இதைச் சிரிப்புக் காட்சியாகத்தான் பார்த்தோம், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நேப்பிள்ஸ் கதையைப் படித்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. தூங்குகிறவள் ராணியாக இருந்தால் என்ன, சம்மதம் கேட்காமல் செய்தது செய்ததுதானே?

உங்கள் கட்டுரையாளர் ஆங்கில நாவல்களைத் திட்டிய நேரத்தில் இதைக் கேட்டிருக்கலாம்: விடிந்து எழுந்து கழுத்தைத் தடவிப் பார்த்த அல்லி அன்றைக்குக் காலையில் என்ன நினைத்தாள், அவளுடைய பெண் படை என்ன பேசிக்கொண்டது, அந்தக் காலையிலிருந்து தொடங்கி தமிழில் ஒரு பெரிய நாவலை யார் எழுதப்போகிறார்கள்? புராணத்தை ஒட்டி எத்தனையோ தொடர்கதை வந்த மொழி நம்முடையது. யாராவது ஏற்கெனவே எழுதியிருந்தால் உங்கள் வாசகர்கள் தயவுசெய்து பெயரைச் சொல்லட்டும். இல்லாவிட்டால் உங்கள் பத்திரிகையே யாரிடமாவது கேட்டு வாங்கித் தொடராகப் போடுங்களேன். ஒரே ஒரு வேண்டுகோள், அவளை முதல் அத்தியாயத்திலேயே அர்ச்சுனன் தலையை வெட்ட விட்டுவிடாதீர்கள், அது ரொம்பச் சுலபம். ஆயா மாதிரி அவன் வாசலில் போய் உட்காரட்டும்.

புத்தகமாக வந்தால் எங்கள் வகுப்புக்கு ஆறு பிரதி வேண்டும். ஊரிலிருந்து டர்பன் வருகிறவர்கள் பெட்டியில் போட்டு அனுப்பினால் பணத்தை இங்கேயே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்