நாட்டிங்ஹாமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கீழத்தெரு அண்ணாச்சிக்குக் குளத்தில் விரால் கிடைத்ததை எழுதியிருந்தீர்கள். படித்ததும், போன ஞாயிற்றுக்கிழமை நான் மீன்பிடிக்கப் போனதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் அழைத்துப் போனார். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தூண்டில் புழுக்களை டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அந்த வீட்டில் நான் டீ குடிப்பது தெரிந்தால் வருத்தப்படுவாள். தூண்டில் கம்பு அவருடையது, மீன்பிடி உரிமமும் அவரே எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒரு செலவும் இல்லை.

டிரெண்ட் ஆற்றில், நியூவார்க் என்ற ஊர்ப் பக்கம் போனோம். தம்பி கிரிக்கெட்டில் பார்க்கும் டிரெண்ட் பிரிட்ஜ் மைதானத்தை ஒட்டி ஓடும் ஆறுதான். 298 கிலோமீட்டர் நீளம், தாமிரபரணியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மழைத் தண்ணீர் கலங்கலாகச் சுழித்துக்கொண்டு போனது. படித்துறையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அதெல்லாம் இங்கே நடக்காது. சிறு கூண்டில் இரையை அடைத்து, நூறு கிராம் ஈயத்தோடு வீச வேண்டும். அதையும் வெள்ளம் உருட்டிவிடுகிறது. நூலை விறைப்பாகப் பிடிக்காமல் வளையும்படி தளர்த்திவிட்டால்தான் ஈயம் அடியில் நிற்கும். மத்தியானம் வரை முள் மூழ்கிய கிளைகளில் மாட்டி அறுந்துகொண்டே இருந்தது. பெரியவர் முகம் சுளிக்கவில்லை. அறுந்த நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி முள் கட்டினார்.

பொழுது சாயும் நேரத்தில் என் கம்பு வளைந்தது. பார்பெல் மீன், கெண்டை இனம். வாயோரம் நான்கு மீசை, செம்பு நிறத் துடுப்பு. இழுபறியில் களைத்துக் கிடந்தது. உடனே விட்டால் புரண்டு செத்துவிடுமாம். தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்திருக்கச் சொன்னார். செவுள் திறந்து மூடுவது கையில் தெரிந்தது. குளிரில் விரல்கள் மரத்துவிட்டன. பிறகு வாலை உதறிக்கொண்டு போய்விட்டது.

இங்கே இந்த மீன்களைத் திரும்ப விடுவதுதான் வழக்கம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இவற்றைப் பிடிக்கவே கூடாது. நம் ஊரில் சினை மீனையும் வலை போட்டு அள்ளுகிறார்களே, அங்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு வர வேண்டும் அப்பா.

காரில் வரும்போது கையில் மீன் வாடை போகவில்லை. அம்மா மண்சட்டியில் வைக்கும் கெண்டைக் குழம்பும், மறுநாள் காலையில் அதைப் பழைய சோற்றோடு நாம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் நினைவுக்கு வந்தன. வழியெல்லாம் என்னால் பேச முடியவில்லை. பெரியவரும் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் விலை குறைந்தால் பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன்.

அக்கா மகள் சடங்கு தை மாதம் என்றால், தாய்மாமன் சீர் என் பொறுப்பு. பட்டுச் சேலைக்குக் கடையில் சொல்லிவையுங்கள். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும்; வேலை நேரத்தை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நகைக்கு வட்டியை மட்டும் இப்போது கட்டிவிடுங்கள். மேலவயல் வரப்பு விஷயமாகப் பெரியப்பாவிடம் நீங்கள் தனியாகப் பேசப் போக வேண்டாம். சர்வேயர் வந்து அளக்கட்டும், அத்தானும் கூட இருக்கட்டும். பட்டா நகலை எனக்கு அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்