கார்டு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி

டேய் மாப்ள,

எப்படிடா இருக்கே? போன வாரம் கோபி பக்கம் போனப்ப உங்கம்மாவ பாத்தேன், சாப்புடாம போகக்கூடாதுன்னுட்டாங்க, மஞ்சளுக்கு வெல ஏறட்டும்னு இன்னும் மூட்டையாவே வெச்சிருக்காங்க.

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லு. கோடை மழை இடியில ஈபிஏபிஎக்ஸ்ல, அதான் ஆபீஸ் உள்போன் சிஸ்டத்துல, மூணு எக்ஸ்டென்ஷன் செத்துப்போச்சு, மத்த போனெல்லாம் ஒரே இரைச்சல். முன்னாடி பாத்த ஆளு மெயின் போர்டே போச்சு, புது சிஸ்டம் வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். நான் எம்டிஎஃப்ல (போன் ஒயரெல்லாம் வந்து சேர்ற எடம்) வெளி லைன கழட்டிட்டு, போர்ட்டுலயே டெஸ்ட் போன போட்டேன், அப்பவும் டோன் இல்ல. சரி, கோளாறு கேபிள்ல இல்லைன்னு ஆச்சு. பவர ஆஃப் பண்ணிட்டு அந்த எக்ஸ்டென்ஷன் போர்ட்டெல்லாம் இருக்கற கார்ட பக்கத்து ஸ்லாட்டுக்கு மாத்துனேன், அங்கயும் அதே மூணு போர்ட்டு தான் செத்துக் கெடந்துச்சு, அப்ப மெயின் போர்டு மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. சும்மா இருக்கற போர்ட்டுல 48 வோல்ட் சுத்தி நிக்கணுமில்ல, இந்த மூணுலயும் ஒண்ணுமே இல்ல. லென்ஸ் வெச்சுப் பாத்தா லைன் உள்ள வர்ற எடத்துல வேரிஸ்டர் (வோல்ட் எகிறுனா தடுக்கற பாகம்) ரெண்டா வெடிச்சு, பக்கத்து ட்ராக் கருகிக் கெடக்குது, பின்னாடி இருக்கற ஸ்லிக் ஐசியும், அதான் போன் லைன ஓட்டற சிப்பும், ஷார்ட்டு.

இரைச்சலுக்கு காரணமே வேறடா. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) அவுட்புட்ல ரெண்டு கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்துச்சு. டிசில பாத்தா 48 சரியாத்தான் காட்டுது, மீட்டர ஏசிக்கு மாத்துனா தான் ரிப்பிள், அதான் டிசி மேல ஏறி வர்ற அலை, தெரியுது, இத பாக்காம எத்தன நல்ல போர்டு காயலாங்கடைக்குப் போகுதோன்னு நெனச்சா வயிறு எரியுது. கெப்பாசிட்டர மாத்துனதும் சத்தம் நின்னுருச்சு.

ஆனா கார்ட மட்டும் சரி பண்ணிக் குடுத்தா அடுத்த இடிக்கு மறுபடி போயிரும். ஆபீஸ்ல இருந்து ஹாஸ்டலுக்கு கேபிள் மேலாலயே போகுது, எம்டிஎஃப்ல அந்த ஒயர் ஜோடிகளுக்கு இடிய எர்த்துக்கு தள்ளி விடற அரெஸ்டர் ஒண்ணு கூட இல்ல, எர்த் ஒயர தொட்டா கையோட வருது, எர்த் குழியில கிளாம்ப் துருப்புடிச்சு உதிர்ந்து போயிருக்கு. அதத்தான் மொதல்ல பண்ணச் சொன்னேன். எர்த் இல்லாம அரெஸ்டர் போட்டும் பிரயோசனம் இல்லைன்னு மேனேஜருக்கு எடுத்துச் சொன்னேன், மனுசன் பொறுமையா கேட்டுக்கிட்டு அடுத்த நாளே குழி தோண்ட ஆள் வெச்சுட்டாரு.

பஞ்சு தூசி வேற, அதுல ஹியூமிடிஃபயர் ஈரமும் சேந்து கனெக்டர்ல பசை மாதிரி ஒட்டியிருந்துச்சு, ஐபிஏ (ஆல்கஹால்) போட்டு தொடச்சேன். ரிலேக்கெல்லாம் ஒண்ணும் ஆகல.

ஸ்லிக் ஐசி மட்டும் இங்க கோயமுத்தூர்ல கெடைக்கல. நம்பர படம் புடிச்சு அனுப்பறேன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல பாத்து மூணு வாங்கி பார்சல் போடு. பழைய போர்டுல இருந்து கழட்டுனதா இருந்தா வேண்டாம். கூடவே 105 டிகிரி கெப்பாசிட்டர், 63 வோல்ட்டுல ஒரு பத்து.